நிறம் போனால் உப்பும் போகுமா?

நொய்யல் கரையோரத் தோட்டக்காரர் ஒருவர் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, தென்னை நார்க்கழிவுலே கரி பண்ணி, அதுலே சாயத் தண்ணியை வடிகட்டினா தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிருதாமே? உமி, வாழைத்தண்டு, கடலைத்தோல் எதுலே வேணும்னாலும் பண்ணலாமாமே? அப்படித் தெளிஞ்ச தண்ணியைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமுங்களா?" என்றார்.

நல்ல கேள்வி. இதற்கு ஒரே வார்த்தையில் 'ஆமாம்' என்று சொன்னாலும் தப்பு, 'இல்லை' என்று சொன்னாலும் தப்பு. கேள்வியின் முதல் பாதி வாஸ்தவம். நாம் குப்பை என்று ஒதுக்குகிற பொருள்களைக் கொண்டு சாயத்தின் நிறத்தை எடுக்க முடியும். ஆனால் இரண்டாம் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன் என்பதை இன்று விவரமாகப் பார்ப்போம்.

நொய்யல் சொல்லும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிறது நொய்யல். திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. அதனால் ஊருக்கும் நாட்டுக்கும் வருமானம் வந்தது. அதை மறுக்க முடியாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளே எத்தனையோ பேர் அந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கிறார்கள். ஆனால் பட்டறைக் கழிவுநீர் ஆற்றில் விழுந்தது.

காங்கயம் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-ல் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது சாயக் கழிவு தேங்குகிற இடமாக ஆகிவிட்டது. அணையில் தண்ணீர் நின்றால் விவசாயிக்குச் சந்தோஷம் வர வேண்டும். இங்கேயோ, அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. சுற்று வட்டாரக் கிணறுகளும் உப்பேறிப் போயின.

ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். பட்டறைகள் கழிவுநீரைக் கொஞ்சமும் வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உத்தரவு சரியாக நிறைவேறாததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கழிவிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மீட்டு, திரும்பவும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் மறுபடி இயங்கத் தொடங்கின.

இவ்வளவும் நிறத்துக்காக மட்டுமா நடந்தது? இல்லை. நிறத்தைவிடப் பெரிய வில்லன் உப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சாயம் ஏன் தண்ணீரோடு போகிறது?

ஒரு காலத்தில் நீலத்துக்கு அவுரியையும், சிவப்புக்குச் சாயவேரையும் நம்பி இருந்தோம். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்குக் கொய்னா மருந்து செய்யப் போய், தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து ரசாயனச் சாயங்களின் காலம் பிறந்தது. இன்று பருத்தித் துணிக்கு அதிகமாகப் போடுவது 'ரியாக்டிவ்' சாயம். இது 1956-ல் விற்பனைக்கு வந்தது. நூலோடு ரசாயன முறையில் கட்டிப் பிணைந்து கொள்வதால், எத்தனை துவைத்தாலும் சுலபத்தில் போகாது.

இவ்வளவு கெட்டியான சாயம் தண்ணீருக்கு ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். சாயத் தொட்டியில் நூலும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணைகிறது. இன்னொரு பகுதி தண்ணீரோடேயே வினை புரிந்து, நூலைப் பிடிக்கும் சக்தியை இழந்து விடுகிறது. சாயத்தின் வகையையும் பட்டறையின் முறையையும் பொறுத்து, 100 கிலோ சாயத்தில் 10 முதல் 40 கிலோ வரை இப்படிக் கழிவோடு போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். ஆறு முழுக்கச் சிவப்பாக ஓட எவ்வளவு குறைந்த சாயம் போதும் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி உப்பு எங்கே வந்தது என்று பார்ப்போம். பருத்தி நூலைத் தண்ணீரில் போட்டால் அதன் மேல் எதிர் மின்னூட்டம் உண்டாகிறது. ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர் மின்னூட்டம்தான். காந்தத்தின் ஒரே முனைகள் இரண்டு ஒன்றையொன்று தள்ளுவது மாதிரி, நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிற பஞ்சாயத்துக்காரர்தான் உப்பு. சாயத் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை சாதா உப்போ கிளாபர் உப்போ போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. பஞ்சாயத்து முடிந்ததும், போட்ட உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வந்து சேருகிறது. நூல் அதில் ஒரு கிராமைக்கூட எடுத்துக் கொள்வதில்லை.

கரி எப்படிச் சாயத்தைப் பிடிக்கிறது?

கரிக்கு நிறத்தைப் பிடிக்கும் குணம் உண்டு என்பது பழைய சங்கதி. 1785-ல் ரஷ்யாவில் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற விஞ்ஞானி, நிறமுள்ள கரைசல்களைக் கரி வெளுக்க வைக்கிறது என்று கண்டறிந்தார். 19-ஆம் நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகளில் பழுப்புச் சாற்றை வெளுக்க எலும்புக் கரியைப் பயன்படுத்தினார்கள்.

இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சு தண்ணீரை உள்ளே உறிஞ்சிக் கொள்கிறதே, அது வேறு. வெல்லத்தின் மேல் ஈ வந்து உட்காருகிறதே, அது போலத்தான் இது. சாயத்தின் துகள்கள் கரியின் மேற்பரப்பில் வந்து ஒட்டி உட்காருகின்றன. உட்கார இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சாயம் பிடிக்கும்.

அப்படியானால் ஒரு சிட்டிகைக் கரியில் எவ்வளவு இடம் இருக்கும்? நல்ல முறையில் செய்த கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றின் உள்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால், ஒரே ஒரு கிராம் கரிக்கு 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 25 சென்ட், அதாவது கால் ஏக்கர்! ஒரு கிராம் கரிக்குள்ளே கால் ஏக்கர் நிலம் மடித்து வைத்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

அடுப்புக் கரிக்கு இவ்வளவு பரப்பு கிடையாது. கொட்டாங்கச்சியை முதலில் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். மூன்று நான்கு கிலோ கொட்டாங்கச்சிக்கு ஒரு கிலோ கரி தேறும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி சூட்டில் வைத்து நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் துளைகளை உண்டாக்கும். இதைத்தான் 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்கிறோம். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியிலும் இதுதான் இருக்கிறது. நார்க்கழிவு, உமி போன்றவற்றிலிருந்து பாஸ்பாரிக் அமிலம், துத்தநாக குளோரைடு போன்ற ரசாயனங்களைச் சேர்த்து, இதைவிடக் குறைந்த சூட்டிலும் செய்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பாட்டில்களில் அரை லிட்டர் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு துளி சொட்டு நீலம் விடுங்கள். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். உப்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஒரு பாட்டிலில் மட்டும் நன்றாக இடித்துச் சலித்த கொட்டாங்கச்சிக் கரித்தூள் இரண்டு மூன்று கரண்டி போட்டு, அவ்வப்போது குலுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் நாலைந்து மடிப்பாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நீலம் முழுக்கப் போகாவிட்டாலும் நன்றாக வெளிறியிருக்கும். இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியே வைத்திருங்கள். யாரும் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது.

எந்தக் கழிவு, எந்தச் சாயத்துக்கு?

ஆராய்ச்சிக்காரர்கள் ஏறக்குறைய எல்லா விவசாயக் கழிவுகளையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். உமி, உமிச் சாம்பல், கரும்புச் சக்கை, மரத்தூள், நிலக்கடலைத் தோல், மக்காச்சோளக் கட்டை, பருத்திமார் என்று பட்டியல் நீளும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவரோடு ஆராய்ச்சி செய்தவர்களும் 1990-களிலிருந்து சாண எரிவாயுக் கலனில் மிஞ்சும் கசடு, வாழைத்தண்டுக் கழிவு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவு என்று ஒவ்வொன்றையும் எடுத்து, எவ்வளவு சாயத்தைப் பிடிக்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். நம் மண்ணில் கிடைக்கிற பொருளை வைத்து, நம் ஊர்ப் பிரச்சினைக்கு வழி தேடிய வேலை அது.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எல்லாச் சாயத்தையும் எல்லாக் கழிவும் பிடிக்காது. மெத்திலின் புளூ, மாலகைட் பச்சை போன்றவை நேர் மின்னூட்டம் உள்ள சாயங்கள். உமி, மரத்தூள், நார்க்கழிவு இவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், இந்தச் சாயங்களைக் கரியாக்காமலேயே, பச்சைக் கழிவாகவே நன்றாகப் பிடிக்கும். பல ஆராய்ச்சிகளில் மெத்திலின் புளூவை வைத்துச் சோதித்து, பிரமாதமான பலன் என்று சொல்வதைப் பார்க்கலாம். அது பொய்யில்லை.

ஆனால் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர் மின்னூட்டம் உள்ளது என்று முன்பே சொன்னேன். பருத்தி நூலும் உமியும் நார்க்கழிவும் அடிப்படையில் ஒரே ஜாதிப் பொருள்தான். எல்லாவற்றிலும் செல்லுலோஸ்தான் இருக்கிறது. அவ்வளவு உப்பைப் போட்டும் பருத்தியே பிடிக்காமல் விட்ட சாயத்தை, பச்சை உமி எப்படிப் பிடிக்கும்? இதுதான் பலர் தடுக்கி விழுகிற இடம். இந்தச் சாயத்துக்குக் கரியாக்கிய பொருள் வேண்டும். அல்லது ரசாயனம் ஏற்றி மேற்பரப்பை மாற்றிய பொருள் வேண்டும். பெரும்பாலும் தண்ணீரையும் அமிலப் பக்கம் கொண்டு வர வேண்டும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் என்ற பொருள் இந்தச் சாயங்களை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது உமி விலைக்குக் கிடைக்கிற சரக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சோதனைச் சாலையில் நூறு மில்லி தண்ணீரைத் தெளிய வைப்பது ஒன்று; பட்டறைத் தண்ணீரைத் தெளிய வைப்பது வேறு. காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயத்தை வைத்து, தென்னை நார்க்கழிவுக் கரியைச் சோதித்ததில், ஒரு கிராம் கரி 6.7 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும் என்று 2002-ல் வெளியான பாரதியார் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது.

ஒரு பட்டறை தினம் ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரை விடுகிறது, அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ சாயம். ஒரு கிலோ கரி 6.7 கிராம் சாயத்தைப் பிடித்தால், பத்துக் கிலோ சாயத்துக்கு எவ்வளவு கரி வேண்டும்? ஏறக்குறைய 1,500 கிலோ. தினமும் ஒன்றரை டன்! அதுவும் கரி தன் முழுச் சக்திக்கும் வேலை செய்தால்தான். கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடிக்கிற உயர்ந்த ரகக் கரியாக இருந்தால் 100 கிலோ போதும். ஆனால் அதன் விலை அதிகம். இப்போது புரிகிறதல்லவா, கழிவு சும்மா கிடைத்தாலும் முறை சும்மா கிடைக்காது என்பது?

அதனால்தான் பெரிய நிலையங்களில் முதல் வேலையைக் கரிக்குக் கொடுப்பதில்லை. நுண்ணுயிர்களை விட்டுக் கழிவைத் தின்ன வைப்பது, ரசாயனம் போட்டுப் படிய வைப்பது என்று பாரத்தைக் குறைத்துவிட்டு, மிச்சம் மீதி நிறத்தை எடுக்கக் கரியைக் கடைசிப் பக்கம் வைப்பது நல்லது. தறி நூலுக்குச் சாயம் போடும் சிறு பட்டறைகளில், கொஞ்சத் தண்ணீருக்கு, சாய வகைக்கு ஏற்ற கரியைத் தேர்ந்தெடுத்தால் இது நன்றாகவே உதவும்.

கண்ணுக்குத் தெரியாத 300 கிலோ

இப்போது நம் தோட்டக்காரர் கேட்ட இரண்டாம் பாதிக்கு வருவோம். தெளிந்த தண்ணீரைப் பாய்ச்சலாமா?

எடுத்து வைத்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் கொண்டு வாருங்கள். சமையலுக்கு ஆகாத பழைய இரும்புக் கரண்டி இரண்டில் தனித்தனியாக ஊற்றி, அடுப்பில் வைத்துத் தண்ணீர் சுண்டும் வரை காய்ச்சுங்கள். என்ன தெரிகிறது? கரி போடாத தண்ணீரிலும் உப்புப் பூக்கிறது. கரி போட்டுத் தெளிந்த தண்ணீரிலும் அதே அளவு உப்புப் பூக்கிறது. நீலத்தைப் பிடித்த கரி உப்பைத் தொடக்கூட இல்லை. சாதா உப்பு தண்ணீரோடு இரண்டறக் கலந்து கிடக்கிற சின்னத் துகள்; கரியின் மேல் அது தங்காது. எவ்வளவு விலை உயர்ந்த கரியானாலும் இதே கதைதான்.

இதை வயல் கணக்கில் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தினால், அது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். அந்தத் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் சாயமும், மூன்று கிராம் உப்பும் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு பாய்ச்சலில் ஏக்கருக்கு வந்து சேருகிற சாயம் ஒரு கிலோ. உப்பு எவ்வளவு தெரியுமா? 300 கிலோ! ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு மூட்டை உப்பை உங்கள் காட்டில் நீங்களே கொண்டு போய்த் தூவின மாதிரி. கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிலோவை எடுத்துவிட்டு, தெரியாத 300 கிலோவை உள்ளே விட்டால் யாருக்கு லாபம்?

ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குள் இருந்தாலுமே ஏக்கர்-அங்குலத்துக்கு 210 கிலோ உப்பு வரும். பயிருக்குத் தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மண்ணிலேயே தங்கும். ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சோடியம் அதிகமானால் களிமண்ணில் உள்ள கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து கொள்ளும். பிறகு மண் குழைந்து, காய்ந்தால் பாறையாக இறுகி, மழைத் தண்ணீரையும் உள்ளே விடாது.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி தாங்காது. மண்ணின் உப்பை மின் கடத்தும் திறன் என்ற அளவில் பார்க்கிறோம். வெங்காயத்துக்கு 1.2-ஐத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். மக்காச்சோளம் 1.7 வரை, நெல் 3 வரை, பருத்தி 7.7 வரை தாங்கும். 'பக்கத்துக் காட்டில் பருத்தி நன்றாக இருக்கிறதே' என்று அதே தண்ணீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் உப்பை எடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. ஆர்.ஓ. என்கிற சவ்வு வடிகட்டி உப்பைப் பிரிக்கும். பிரித்த உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி உப்பை மீட்கலாம். அல்லது உப்புக் கரைசலாகவே மறுபடி சாயத் தொட்டிக்கு அனுப்பலாம். திருப்பூர்ப் பொது நிலையங்களில் கைக்கொண்ட வழி இதுதான். இதற்கு மின்சாரமும் விறகும் பணமும் நிறைய ஆகும். இந்தச் சவ்வைச் சாயமும் அழுக்கும் அடைத்து விடாமல் காக்க, அதற்கு முன்னால் கரி வைக்கலாம். ஆகக் கரி நல்ல துணை வேலைக்காரன். அவனை நம்பி முழு வேலையையும் விட்டுவிடக் கூடாது.

பிடித்த சாயம் எங்கே போச்சு?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கரி சாயத்தை அழிப்பதில்லை. பிடித்து வைத்துக் கொள்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் இருந்த சாயம் கரிக்கு இடம் மாறியிருக்கிறது. மேலே கணக்குப் போட்ட பட்டறையில், தினம் ஒன்றரை டன் சாயக்கரி ஈரத்தோடு குவியும். அதை என்ன செய்வது? மேட்டில் கொட்டினால் அடுத்த மழையில் சாயம் மறுபடி இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும். சாயங்களில் அசோ வகை அதிகம். அவற்றில் சில, காற்றில்லாத இடத்தில் உடைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன் பொருள்களைத் தரும். அதனால்தான் அப்படிப்பட்ட அசோ சாயங்களுக்கு 1994-ல் ஜெர்மனியும் 1997-ல் இந்தியாவும் தடை போட்டன.

எனவே சாயம் பிடித்த கரியையும் நார்க்கழிவையும் உமியையும் முறையாகத் தீர்க்க வேண்டும். நல்ல கரியானால் சூளையில் வைத்துப் புதுப்பித்து மறுபடி பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் சிமென்ட் சூளையின் கடும் சூட்டில் எரிக்கக் கொடுக்கலாம். அல்லது அடியில் கசியாத, பாதுகாப்பான குழியில் இட வேண்டும். 'நார்க்கழிவுதானே, எருக்குழியில் போட்டுக்கங்க' என்று யாராவது வண்டியோடு கொண்டு வந்தால் வாங்காதீர்கள். மாட்டுக்கு அடியில் போடவும் வேண்டாம்; காட்டில் மட்க வைக்கவும் வேண்டாம்; அடுப்பெரிக்கவும் வேண்டாம். சும்மா வருகிறதே என்று வாங்கி வைத்தால், பிறகு சும்மா போகாது.

கரி செய்கிற இடத்திலும் கவனம் வேண்டும். கொட்டாங்கச்சியைத் திறந்த குழியில் சுட்டால் ஊரே புகையில் மூழ்கும். சுட்ட கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால் அந்தக் கருப்புத் தண்ணீரும் நிலத்தடிக்கு இறங்கும். ஒரு கிணற்றைக் காப்பாற்றப் போய் இன்னொரு கிணற்றைக் கெடுத்த கதையாக ஆகிவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

சாயப் பட்டறை ஓரத்தில், அல்லது நொய்யல் போன்ற ஆற்றோரத்தில் தோட்டம் இருந்தால், வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து, பெயர், ஊர், சர்வே எண், தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அங்கேயே பாசன நீரையும் சோதித்துச் சொல்வார்கள். மின் கடத்தும் திறன் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை என்றால் பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 3-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை நம்பிச் சாதாரணப் பயிர் வைப்பது நஷ்டம். சோடியம் எவ்வளவு என்றும் மறக்காமல் கேளுங்கள். முடிவுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நியாயம் கேட்கப் போனால் அதுதான் உங்கள் சாட்சி.

ஏற்கெனவே உப்பேறிய நிலமானால், மழைத் தண்ணீரைப் பண்ணைக் குட்டையில் தேக்குங்கள். நிலத்தில் வடிகால் எடுத்து, மழையில் உப்பைக் கழுவி இறங்க விடுங்கள். மண் சோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால், சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். ஒரே வருஷத்தில் சரியாகி விடாது, பொறுமை வேண்டும்.

நம் நார்க்கழிவுக்கும் கொட்டாங்கச்சிக்கும் உமிக்கும் இப்படி ஒரு பயன் இருப்பது சந்தோஷமான செய்திதான். அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். சாய வகைக்கு ஏற்ற கரி, பிடித்த சாயத்தைத் தீர்க்க வழி, உப்பைப் பிரிக்க ஏற்பாடு, இந்த மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அந்தத் தோட்டக்காரருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு விவசாயிக்கு. அந்த மனசு நல்லதுதான், ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அது வேண்டாம். தெளிஞ்ச தண்ணியைப் பாய்ச்சாதீங்க. அளந்து பார்த்த தண்ணியைப் பாய்ச்சுங்க.